ஐயாயிரம் வாட் எதற்கு மக்களே?

மக்களே,

நீ அனுப்பிய வீடியோவை அப்பா திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தப் பையன் மின்வண்டியில் சத்தமே இல்லாமல் மண்மேட்டில் ஏறி, உச்சியில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். அவருடைய கருத்து அவ்வளவுதான். மீதியை எழுதுவது என் பாடு.

நீ ஆசைப்படுவது சீனத்துச் சர்-ரான் வகை வண்டி. 60 வோல்ட் பேட்டரி, ஐயாயிரம் வாட், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, பெடல் கிடையாது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அதை ஊருக்குக் கொண்டுவந்து, மலைமேல் இருக்கும் நம் ரப்பர் தோட்டம், மேல்விளை வரை ஏற வேண்டும், அப்புறம் பேச்சிப்பாறை, கோதையாறு, முடிந்தால் காளிகேசம் என்று பட்டியலும் போட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேல்விளைக்குப் போகும் பாதையில் கல்கெட்டுத் திருப்பம் வந்தால் என் ஸ்கூட்டி திணறுகிறது. அங்கே ஏற ஒரு நல்ல மின்வண்டி இருந்தால் எனக்கும் உபகாரம்தான். ஆனால் விற்கிறவன் சொல்லும் எண்ணை வைத்து வண்டி பார்க்காதே. நம் மலை எவ்வளவு கேட்கிறது என்று முதலில் பார்.

பதினொன்றாம் வகுப்பில் நான் நடத்திய 'வேலை, ஆற்றல், திறன்' பாடம் உனக்கு மறந்திருக்கும். அப்போதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். சரி, மறுபடி ஒரு கணக்கு. நீயும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வை. பாதை ஐந்துக்கு ஒன்று ஏற்றம், அதாவது ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்கிறது. நம் விளைப் பாதையில் மோசமான இடம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 540 வாட் வேண்டும். மண்ணின் தடை, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 700, 800 வாட் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் அதைப்போல் இரண்டு மடங்கு. வேர்களும் உருளைக்கல்லும் கிடக்கிற அந்தப் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக நினைத்தால் உன்னை நான் வீட்டிலேயே பூட்டி வைப்பேன். ஐயாயிரம் வாட்டுக்கு அங்கே என்ன வேலை, சொல்?

ஆற்றல் கணக்கு இன்னும் வேடிக்கை. மகேந்திரகிரி 1,645 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து 100 கிலோவை அந்த உச்சிக்குத் தூக்க, தாளில் போட்டால், 450 வாட் மணி போதும். ஆயிரம் வாட் மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட். அரை யூனிட் கரண்ட் கூட இல்லை. உண்மையான பாதையில் இரட்டிப்பாகட்டும், ஒரு யூனிட்டோடு தீர்ந்தது. மலை ஏறுவதற்கு ஆற்றல் அதிகம் வேண்டும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தொல்லை கொடுப்பது வேறு ஒன்று. சூடு.

இதைச் சித்தப்பாவின் இளைய மகனிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வான். பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் கிட் ஒன்றை வாங்கி சைக்கிளில் மாட்டினான். 1000 வாட் என்று மேலே எழுதியிருந்தது. சமதரையில் நன்றாகவே ஓடியது. கேரியரில் ரப்பர் பால் கேனைக் கட்டிக்கொண்டு கல்கெட்டுத் திருப்பத்தில் ஏறினான். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது, அவன் ஆக்சிலரேட்டரை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசம், அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் சாக்கை விரித்து அவன் சக்கரத்தைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே மூன்று நைலான் பல்சக்கரங்கள். அவற்றில் ஒன்றின் பற்கள் ஒரு பக்கமாக இளகி வழுவழுவென்று ஆகியிருந்தன. செம்புக் கம்பிச் சுருள் சிவப்பாக இருக்க வேண்டும், அது சீனிப்பாகு தீய்ந்த நிறத்தில் இருந்தது. அச்சுக்குள் நுழையும் இடத்தில் மூன்று வயர்களும் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. விற்ற கடையில் "ஏற்றத்தில் ஓட்டினால் வாரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். குமரி மாவட்டத்தில் ஏற்றம் இல்லாத சாலையை அவர்களே காட்டட்டும்.

நடந்தது இதுதான். மோட்டார் தன் இயல்பான வேகத்தில் சுழன்றால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை இழுவையாக மாற்றும். சக்கரத்தோடு சேர்ந்து அதையும் மெதுவாகச் சுழலவிட்டு, இழுவையை மட்டும் அதிகம் கேட்டால், கரண்டை அள்ளிக் குடிக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. நம்ம பஸ் டிரைவர் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே போனால் எஞ்சின் என்ன பாடுபடுமோ அதே பாடுதான். சக்கரத்துக்குள் மோட்டார் இருந்தால் கியர் மாற்ற வழியில்லை. பெடல் அச்சில் மோட்டார் இருக்கும் வகையில் சைக்கிளின் கியர்களே மோட்டாருக்கும் உதவும். சக்கரம் மெதுவாக உருளும், மோட்டார் வேகமாகச் சுழலும், சூடு ஏறாது. செயின் சீக்கிரம் தேயும், உண்மை. ஆனால் செயின் மாற்றுவது மோட்டார் மாற்றுவதை விடச் சல்லிசு.

வாட் எண்ணிலும் சூது இருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்சத் திறன். மலைக்கு வேண்டியது தொடர்ந்து தரும் திறன். அது சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும், சிலர் எழுதுவதே இல்லை. அதைக் கேட்டு வாங்கு. மோட்டாருக்குள் வெப்பம் அளக்கும் சென்சார் இருக்கிறதா, சூடு ஏறினால் கன்ட்ரோலர் தானாகக் கரண்டைக் குறைக்குமா என்றும் கேள்.

நீ வருகிற டிசம்பரில் ரப்பர் இலை உதிரத் தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் முழுதாக ஓய்ந்திருக்காது. நனைந்த செம்மண், அதன்மேல் காய்ந்தும் காயாமலும் இலை. அங்கே டயருக்குக் கிடைக்கும் பிடி கொஞ்சம்தான். அந்தப் பிடிக்கு மேல் எத்தனை ஆயிரம் வாட் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றி மண்ணை வாரி இறைக்கும், அல்லது பிடி கிடைத்த நொடியில் முன்சக்கரம் உன் முகத்துக்கு எழும்பும். வீடியோவில் அது அழகு. கல்கெட்டின் ஒரு பக்கம் எவ்வளவு பள்ளம் என்று உனக்கே தெரியும். சரிந்து விழுந்த ஐம்பது கிலோ வண்டியைச் சரிவில் நிமிர்த்த ஆள் தேட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பெடல் இல்லாத அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி வீடியோக்காரர்கள் பேசுவதே இல்லை. உயரம் ஏறச் செலவான ஆற்றல் இறங்கும்போது எங்காவது போக வேண்டுமே. பெரும்பாலும் பிரேக் தகட்டில்தான் போகும். அதனால் இரண்டு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிஸ்க் இல்லாத வண்டி வேண்டாம். பிரேக் பிடித்தால் பேட்டரிக்குத் திரும்ப மின்சாரம் வரும் என்று சொல்லி விற்பார்கள். சில வகைகளில் வரும். ஃப்ரீவீல் வைத்த வகையில் வராது, ஏனென்றால் அங்கே சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுழற்ற முடியாது. வருகிற வகையிலும் பேட்டரி நிறைந்திருந்தால் அது மின்சாரத்தை வாங்காது. மேலேயே சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் பிரேக் மட்டும்தான் துணை.

அப்பாவுக்குப் பிடித்ததே அந்தச் சத்தமின்மைதான். எனக்குப் பயமும் அதுதான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் குனிந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் புல்லட் வந்தால் தூரத்திலேயே ஒதுங்குவார்கள். இது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால்தான் தெரியும், கையில் வெட்டுக் கத்தி வேறு. மேல்விளை ஓரத்துக்குப் பன்றி வருகிறது. அதற்கும் மேலே யானை நடமாட்டம் இருக்கிறது. மலையில் நடக்கிறவர்கள் பேசிக்கொண்டோ தட்டிக்கொண்டோ போவது சும்மா இல்லை. ஆள் வருவது தெரிந்தால் யானை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். திடீரென்று பக்கத்தில் ஒன்று முளைத்தால்தான் மிரளும். எந்த வண்டி வாங்கினாலும் ஒரு நல்ல மணி மாட்டு, அடித்துக்கொண்டே போ.

காளிகேசத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. 2008ல் அந்தக் காட்டுப் பக்கத்தைக் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 400 சதுர கிலோமீட்டர். புலி, யானை, காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் இருக்கும் காடு. அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம், இதில் வண்டி வேறு. கோதையாறுக்குப் போகும் தார்ச்சாலை வேறு விஷயம், அதில் பஸ்ஸே போகிறது. ஆனால் உன் ஐயாயிரம் வாட் அந்தத் தார்ச்சாலையிலும் போக முடியாது. நம் நாட்டு விதிப்படி 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால்தான் பதிவும் லைசென்சும் வேண்டாம். அதற்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம். பச்சை நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். காட்டுப் பாதைக்கென்று இறக்குமதியாகும் வண்டிக்கு இங்கே ஒப்புதல் இல்லையென்றால் பதிவே செய்ய முடியாது. குலசேகரம் சந்தையில் யார்மேலாவது இடித்தால் நஷ்ட ஈடு முழுவதும் உன் தலையில். பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் நம் விளைக்குள் மட்டும் ஓட்டலாம். அதற்கு இத்தனை பணமா?

அந்த 250 வாட்டைப் பார்த்து முகம் சுளிக்காதே. சட்டம் அளப்பது அரைமணி நேரம் தொடர்ந்து தரும் திறனை. பெடல் அச்சில் வைக்கும் நல்ல மோட்டார்கள் 250 என்று எழுதியிருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு 500, 600 வாட் வரை தரும். உன் கால் ஒரு 100 வாட் தரும். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் போட்டு மிதித்தால் கல்கெட்டுத் திருப்பத்தில் நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக, மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். வண்டி 25 கிலோ சுமாருக்குக் கிடைக்கும், விழுந்தால் நானே தூக்குவேன். எனக்கு இந்த வகைதான் பிடிக்கிறது. இன்னும் இழுவை வேண்டுமென்றால் ஆயிரம் வாட் வரை பார்க்கலாம். ஆனால் அது விளைக்குள் மட்டும், சாலையில் இறங்கக்கூடாது.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2022ல் ஊர் ஊராக மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினார்கள். சந்தையில் பழைய செல்களைக் கோத்து ஷ்ரிங்க் கவர் போட்டு விற்கும் பேட்டரியைத் தொடாதே. இங்கே சார்ஜ் போடப் பழைய தொழுவத்தில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். காற்றோட்டம் உண்டு, பக்கத்தில் எரியக்கூடியது எதுவும் இல்லை. புகைப்புரைச் சுவரிலேயே பிளக் இருக்கிறதே என்று அப்பா சொன்னார். ரப்பர் ஷீட் புகையில் காயும் இடத்தில் லித்தியம் பேட்டரியை வைக்கிறவளா நான்? மலை ஏறி வந்த சூட்டோடும் சார்ஜில் போடக்கூடாது, தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்.

வண்டியைப் பூனாவிலிருந்து கொண்டுவரும் யோசனையும் சரிப்படாது. 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், உன் பேட்டரி அதைப்போல் பல மடங்கு. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ வாங்கினால் ரிப்பேருக்கும் ஆள் கிடைக்கும். சித்தப்பா மகனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். சூடுபட்டவன், சரியாகக் கேட்பான்.

சனிக்கிழமை போன் பண்ணும்போது நீ பார்த்து வைத்திருக்கும் வண்டிகளுக்கு இரண்டு எண்கள் மட்டும் சொல். தொடர்ந்து தரும் திறன் எத்தனை வாட், பேட்டரி எத்தனை வாட் மணி. மிகச் சின்ன கியரில் முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல் என்பதும் தெரிந்தால் நல்லது. கணக்கு நான் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா