அப்பா பெயர் போட்ட அட்டைகள்

லாஸ் வேகாஸ்
12.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தானிடம் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பீரோவில் பூட்டி வைத்துவிட்டாயா?

அத்தான் ஊருக்கு வந்து என்ன சொன்னார் என்று அக்கா சொன்னாள். என் அலமாரியில் ஒரு ஆல்பம் நிறையச் சூதாட்ட அட்டை இருக்கிறதாம். அன்று ராத்திரி நீ சாப்பிடவே இல்லையாமே. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில், அது சீட்டுக்கட்டு இல்லை. ஏ.டி.எம். கார்டு மாதிரி பிளாஸ்டிக் அட்டை. பிளேயர்ஸ் கிளப் கார்டு என்பார்கள். 21 வயது ஆனவர் யாரும் அடையாள அட்டையைக் காட்டி கேசினோவில், அதாவது சூதாட்ட விடுதியில், சும்மா வாங்கிக்கொள்ளலாம். ஆடுகிறவர்கள் அதைச் சுருள் கயிற்றில் கோத்து, ஒரு முனையைச் சட்டையில் மாட்டி, அட்டையைக் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினில் சொருகிவிட்டு உட்காருவார்கள். எவ்வளவு பணம் போட்டு ஆடுகிறார்கள் என்று மெஷின் கணக்கு வைத்துக்கொள்ளும். அதற்குத் தகுந்தபடி சாப்பாடு, தங்க அறை எல்லாம் இலவசம். இலவசம் என்ன இலவசம், அடகுக் கடைக்காரர் காபி வாங்கிக் கொடுக்கிற மாதிரிதான்.

நிறைய ஆட ஆட அட்டையின் தரமும் ஏறும். எம்.ஜி.எம். விடுதிகளில் சஃபையர், பேர்ல், கோல்டு, பிளாட்டினம், நுவார் என்று ஐந்து படி. என்னிடம் இருப்பது சஃபையர். அடிப்படி. வேறு எந்த விடுதியிலும் நான் இரண்டாம் படி ஏறியதில்லை. நான் ஆடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வந்த புதிதில் ஒரே ஒரு நாள் 20 டாலர் போட்டேன். பத்து நிமிஷத்தில் போயிற்று. அப்போதே நம் காசுக்கு ஆயிரத்துக்கு மேல். அன்றோடு சரி.

அப்புறம் எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்பாய். இந்த ஊரில் எதுவும் நிற்பதில்லை, அம்மா. 1955-இல் திறந்த ரிவியேரா விடுதி நான் வந்தபிறகு, 2015-இல் மூடியது. மிராஜ் விடுதியை இந்த ஜூலையில் மூடினார்கள். 1957-இல் கட்டிய டிராபிகானா விடுதியைப் போன மாதம் 9-ஆம் தேதி விடிகாலை இரண்டரை மணிக்கு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்னால் வாணவேடிக்கை வேறு! அத்தானையும் கூட்டிக்கொண்டு தள்ளி ஒரு மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். இரண்டு கோபுரமும் மடங்கி உட்கார அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் வெறும் தூசி. அத்தான் அதைச் சொல்லவில்லை, ஆல்பத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது 112 அட்டை இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது என் பெயரில் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ்கார அம்மா கொடுத்த ஸ்டார்டஸ்ட் அட்டை. அந்த விடுதி 2006-இல் மூடி, மறு வருஷம் தரைமட்டமானது. அட்டை அவர் கணவருடையது. மூலையில் கயிறு கோத்த துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. பின்னால் ஓடும் கறுப்புப் பட்டை, சொருகிச் சொருகி நடுவில் வெளுத்துவிட்டது. எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்! நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும், "நீயே வைத்துக்கொள்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

நீயும் பழைய ரேஷன் கார்டு ஒன்றையும் எறிந்ததில்லையே. ஸ்மார்ட் கார்டு வந்தபிறகும், மண்ணெண்ணெய், சர்க்கரை எழுதிய அந்தப் புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில்தானே கிடக்கின்றன? எதற்கு என்றால் "இருக்கட்டும்" என்பாய். எனக்கும் அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

ஒரு விஷயம். இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. அதனால் நான் வாங்கிய அட்டை எல்லாவற்றிலும் அப்பா பெயர் அச்சாகியிருக்கிறது. ஒரு இடத்தில் இடம் போதாமல் என் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, அப்பா பெயரை மட்டும் முழுசாகப் போட்டுவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் அப்பா பெயரோடு மிஸ்டர் சேர்த்துக் கூப்பிட்டு, நிறைய ஜெயிக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். பொங்கலன்று கண்மாய்க்கரையில் மூணு சீட்டு ஆடினேன் என்று என்னைப் புளிய விளாறால் உரித்த மனுஷன் பெயர்!

இந்த மாதப் பணம் நேற்று அனுப்பிவிட்டேன். அதில் கண் டாக்டரிடம் போய் வா, தள்ளிப் போடாதே. அட்டை விஷயத்தை அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல். பெயர் விஷயம் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் மகன்