நம்ம நியான் போர்டு சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிக்கப் போறாங்க, அதனால நான் தொழில் நிலவரத்தையும் பயிற்சி வகுப்பையும் மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

கண்ணாடி டியூப்பை எழுத்தா வளைச்சு, உள்ள கேஸ் அடைச்சு, கரண்ட் விட்டு எரிய வைக்கறதுதான் நம்ம போர்டு. இந்த வருஷம் புதுசா அப்படி செஞ்சு குடுங்கன்னு கேட்டு வந்தது ரொம்ப கம்மி. வந்த வேலைல பெரும்பாதி ரிப்பேர்தான். அதுலயும் டியூப் தானா செத்துப்போய் வந்தது அபூர்வம், காத்தை ஒழுங்கா பம்ப் பண்ணி எடுத்து, கேஸ் விட்டு மூடின டியூப் முப்பது நாப்பது வருஷம்கூட எரியும்னு உங்களுக்கே தெரியும், டிரான்ஸ்பார்மர் போயிருக்கும், இல்ல மழைத்தண்ணி இறங்கி வயர் கெட்டிருக்கும், இல்ல ஏணி சாத்தும்போது யாராவது இடிச்சு உடைச்சிருப்பாங்க. நம்ம பெரியவங்க வளைச்ச எழுத்து இன்னைக்கும் எரியுது, பக்கத்துல உடைஞ்ச எழுத்தை அதே மாதிரி வளைக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு.

எல்இடி பத்தி போன கூட்டத்துலயே நிறைய பேசியாச்சு. அது எடை கம்மி, உடையாது, 12 வோல்ட்ல ஓடும், பார்சல்ல அனுப்பலாம். நம்மளோடது கண்ணாடி, ஆயிரக்கணக்கான வோல்ட், பெரிய டிரான்ஸ்பார்மர்னா 15,000 வோல்ட் வரைக்கும் போகும். வாங்கறவங்க அதுக்கு போறதுல எனக்கு கோபம் இல்ல. ஆனா சிலிக்கான் பட்டைக்குள்ள எல்இடி வச்சதை நியான்னு சொல்லி விக்கிறது தப்பு. அதுல கண்ணாடி இல்ல, கேஸ் இல்ல, வளைச்ச கை இல்ல. நியான் வேணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க அதைத்தான் வாங்கிட்டு நியான் வாங்கிட்டோம்னு சந்தோஷமா போறாங்க, அது எனக்கு மனசு ஆறல. அதனால நம்ம உறுப்பினர்கள் பில்லுலயும் கொட்டேஷன்லயும் இனிமே ‘கண்ணாடி நியான்’னே எழுதணும்னு செயற்குழு முடிவு பண்ணிருக்கு.

இப்ப பயிற்சி வகுப்பு. நாலு பேர் சேர்ந்தாங்க, ரெண்டு பேர் நின்னுட்டாங்க. நின்னவங்களை குறை சொல்ல முடியாது, வருஷக்கணக்குல கத்துக்கணும்னு சொன்னா சம்பாதிக்க வேண்டிய வயசுல யாருக்கும் யோசனை வரும். மிச்சம் ரெண்டு பேரும் மாசக்கணக்கா சாதாரண வளைவு மட்டும்தான் போட்டாங்க. எழுத்தை தாள்ல, முகம் பாக்கற கண்ணாடியில தெரியற மாதிரி இடவலமா திருப்பி வரைஞ்சு வச்சு, பர்னர்ல டியூப்பை உருட்டி உருட்டி சூடாக்கி, தொய்யற பதம் வந்ததும் வெளிய எடுத்து தாள் மேல வச்சு வளைக்கணும், அதுக்கு சில செகண்டுதான் கிடைக்கும், அதுக்குள்ள வாயில இருக்கற ரப்பர் குழாய் வழியா அளவா ஊதணும். ஊதலைன்னா வளைவு சப்பிப்போகும், ஜாஸ்தி ஊதினா உப்பி அந்த இடம் மெல்லிசாகி பின்னாடி விரிசல் விடும். எவ்வளவு ஊதணும்னு எந்த மீட்டரும் காட்டாது. எங்க வாத்தியார் பக்கத்துல நின்னு அவர் கன்னத்தைப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன். இதை வீடியோ எடுத்து வச்சா போதும்னு சிலர் சொல்றீங்க, எடுப்போம், ஆனா சூடு எப்ப சரின்னு கைக்கு தெரியறது வீடியோவுல வராது.

பம்ப் மேசை வேலையும் ரெண்டு பேரும் பாத்தாங்க. டியூப்ல இருந்து காத்தை இழுத்துக்கிட்டே, பாம்பார்டர்ங்கற பெரிய டிரான்ஸ்பார்மர்ல பெரிய கரண்ட் விட்டு, கண்ணாடி 200 டிகிரிக்கு மேல சூடாகி உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய போனாத்தான் நிறம் சுத்தமா வரும். அவசரப்பட்டு அதை குறைச்ச டியூப் எல்லாம் சீக்கிரமே மங்கிடுச்சுன்னு அவங்களே கண்ணால பாத்துட்டாங்க. டியூப் முனையில கரண்ட் உள்ள போற உலோகத் துண்டு, அந்த எலக்ட்ரோடு ஏன் இவ்வளவு பெரிசுன்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. 1898ல ராம்சே, டிராவர்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க நியான் கேஸை கண்டுபிடிச்சாங்க, 1910 டிசம்பர்ல ஜார்ஜ் கிளாட்ங்கற பிரெஞ்சு இன்ஜினியர் பாரிஸ்ல டியூப்பை எரிச்சுக் காட்டினார், ஆனா அது சீக்கிரம் கெடாம தொழிலா நின்னதுக்கு காரணம் 1915ல அவர் அமெரிக்கால பேட்டண்ட் வாங்கின அந்த பெரிய எலக்ட்ரோடுதான். அப்படி ஒரு கேள்வி கேக்கற பிள்ளை இந்த தொழில்ல இருக்கணும்.

சாமான் விஷயம். கண்ணாடிக் குழாய், எலக்ட்ரோடு ரெண்டுக்குமே காத்திருப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு, அதனால உறுப்பினர்கள் தனித்தனியா வாங்காம சங்கம் மூலமா மொத்தமா வாங்கலாம். கேஸும் அப்படித்தான், காத்துல பத்து லட்சத்துல 18 பங்குதான் நியான், 2022ல உக்ரைன் சண்டையில சப்ளை நின்னப்போ, லேசருக்கு நியான் வாங்கற கம்ப்யூட்டர் சிப் கம்பெனிங்களே தவிச்சாங்க, நம்ம நிலைமைய சொல்லவே வேணாம். நீல நிறத்துக்கு ஆர்கான் கேஸோட டியூப்ல விடற பாதரசத்தை எல்லாரும் ஜாக்கிரதையா கையாளுங்க, உடைஞ்ச டியூப்பை குப்பையில போடாதீங்க, சங்கத்துல மூடி போட்ட டப்பா வச்சிருக்கோம்.

ஹாங்காங்ல ரோடு ரோடா தொங்கின போர்டுகளை கட்டட விதியக் காட்டி கழட்டிட்டே வராங்க, சிலதை மியூசியத்துல சேர்த்திருக்காங்க. வார்சாவுலயும் 2012ல நியானுக்குன்னே மியூசியம் திறந்தாங்க. அங்க வச்சிருக்கற போர்டையும் ஒருநாள் யாராவது ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும், அதனால பட்டறைய மூடற உறுப்பினர்கள் பர்னரையும் பாம்பார்டரையும் இரும்புக்கு போட்டுடாம முதல்ல சங்கத்துக்கு சொல்லுங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன். போன வருஷம் ஒரு பாம்பார்டர் அப்படித்தான் கைவிட்டுப் போச்சு, அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

அடுத்த வருஷத்துக்கு ரெண்டே வேண்டுகோள். பயிற்சிக்கு வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் மூத்தவங்க யாராவது மாத்தி மாத்தி பர்னர் பக்கத்துல நிக்கணும், இப்ப ஒருத்தரே நிக்கறார், அவருக்கு தோள் வலி. அப்புறம் வேக்கம் பம்ப்புக்கு ஆயில் மாத்தணும், வர்ற சனிக்கிழமை காலைல வர முடிஞ்சவங்க என்கிட்ட பேர் குடுத்துட்டு போங்க.

– செயலாளர்