கணைய அழற்சி: கத்திக்கு அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கமிருந்து கடும் கணைய அழற்சியோடு (வயிற்றில் இரைப்பைக்குப் பின்னுள்ள கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய்) பாளையங்கோட்டைக்கு வருவோரின் உறவினர்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் எப்போது?" என்றுதான். உடனே வேண்டாம் என்பதே எங்கள் பதில். முதல் இரண்டு வாரங்களில் கணையத்தில் அழுகிய திசுவும் நல்ல திசுவும் பிரிந்திருக்காது. தோண்டினால் ரத்தம் பெருகும், குடலில் ஓட்டை விழும். ஏறத்தாழ நான்கு வாரத்தில்தான் அழுகிய பகுதியைச் சுற்றிலும் சுவர் கட்டும். சீழ் பிடித்தாலும் முதலில் ஸ்கேன் பார்த்துக் குழாய் வைத்து வடிப்பதே நல்லது. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இப்படி முதலில் குழாய், தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்று படிப்படியாகச் சென்றவர்களில் 35 சதவீதத்தினருக்குக் குழாயே போதுமாயிற்று. பெரும் சிக்கலோ மரணமோ நேர்ந்தது இவர்களில் 40 சதவீதம். நேரே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 69 சதவீதம். குடல் அழுகல், அடங்காத ரத்தப்போக்கு வந்தால் மட்டும் காத்திருக்க முடியாது.

நோயாளி பிழைப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கத்தி அல்ல. சிறுநீரகமோ நுரையீரலோ செயலிழந்து 48 மணி நேரம் தாண்டியும் தேறாவிட்டால் ஆபத்து பல மடங்கு. ஆகவே அனுப்பும் மருத்துவமனைகள் வலி தொடங்கிய நேரம், ஏற்றிய குளுக்கோஸ், சலைன் அளவு, மணிவாரியாகச் சிறுநீர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதித் தர வேண்டுகிறோம். அளவுக்கு மீறி ஏற்றினாலும் நுரையீரலில் நீர் கோக்கும். பட்டினி போடுவதும் தவறு. மூக்குக் குழாய் வழி உணவு கொடுத்தால் சீழ் பிடிப்பது குறையும்.

அறுவை சிகிச்சை மருத்துவர்கள்,
பாளையங்கோட்டை