ஆளாளுக்கு அளவெடுத்த நானாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

எங்கள் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள் நேற்றுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். ஒருவர் மிச்சமில்லாமல், வெள்ளை உடுப்போடு. இந்த நன்றியைச் சூட்டோடு சூடாக எழுதாவிட்டால் பிறகு வேலைகளுக்குள் அமுங்கிப் போய்விடும் என்று பயந்து இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

டித்வா புயல் வந்துபோன கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததும் மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியதும் உங்களில் பாதிப்பேர் நேரில் கண்டவை. மீதிப்பேர் உங்கள் வீட்டிலேயே அதை அனுபவித்தவர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படகோடு வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கி ஏற்றிய கடற்படைத் தம்பிமாருக்கும், கடைசிப் பிள்ளை ஏறும்வரை பெயர்ப்பட்டியலை நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற கிராம அலுவலருக்கும் நன்றி. நகரத்தில் தேவாலய மண்டபத்தை எங்களுக்கு விட்டுவிட்டு, நத்தார்ப் பாட்டு ஒத்திகையை முற்றத்து மரத்தடிக்கு மாற்றிக்கொண்ட பாடகர் குழுவுக்கு நன்றி. கோயில் அன்னதானக்காரர்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் மாறி மாறிச் சோறு அனுப்பினீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பருப்பும் கத்தரிக்காயும் வந்திறங்கிய நாட்களும் உண்டு. அதுவும் மிச்சமில்லாமல் முடிந்தது. கந்தளாயிலிருந்து பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டுவந்த சிங்கள மாணவர்கள் தமிழ் தெரியாமலே எங்கள் பெடியன்களோடு கரம்போட் விளையாடித் தோற்றுப்போனார்கள். பெடியன்கள் இன்னும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கிணற்றை இறைத்துத் தந்த அண்ணாமார், குளோரின் போட்டதோடு நிற்காமல் எலிக்காய்ச்சல் பற்றி எங்களை உட்காரவைத்து விளங்கப்படுத்திய பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா, ஈரப் புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்த அயல் வீட்டு அக்காமார், இன்னும் பெயர் சொல்லாமல் சாமான் வைத்துவிட்டுப் போனவர்கள். எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முதல், இல்லத்துக்கு உடுப்பு எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். மிஷன் தொண்டராக யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள் நான். ஊழியம் என்றவுடன் சிலர் மேடையும் பிரசங்கமும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பேன்சீப்பும் தேங்காய் எண்ணெயுமாக உட்கார்ந்து வரிசையாகத் தலை பின்னிவிடுவதும், பாணுக்குச் சம்பல் காணுமா என்று பார்ப்பதும், டெங்கு வராமல் பூச்சட்டித் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவதும், இரவில் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டுவதும்தான் எங்கள் ஊழியம். மாலை ஜெபத்துக்கு வர விருப்பமில்லாத பிள்ளைகள் திருநீறு பூசிக்கொண்டு விறாந்தையில் படிப்பார்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இந்த ஓட்டத்துக்குள் உடுப்பு வருவது மூட்டையில். விறாந்தையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, “இது யாருக்குக் காணும்?” என்று கேட்போம். கை நீளமென்றால் மடித்துவிடுவோம், இடுப்பு பெரிதென்றால் பின் குத்துவோம். எந்த இல்லத்திலும் இப்படித்தான். வெள்ளத்துக்குப் பிறகு வந்த மூட்டைகளில் கல்யாண வீட்டுக்குப் போடுகிற ஜரிகைக் கவுண்களும் ஒரு கோட்டும் கூட இருந்தன. எங்கள் சமையல் ஐயா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருநாள் சோறு பரிமாறினார். பிள்ளைகள் அந்தக் கிழமையில் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆகவே மூட்டை அனுப்பியவர்களுக்கும் நன்றி. கோட்டு அனுப்பியவருக்கு விசேஷமாக.

ஆனால் பள்ளிக்கூட உடுப்பை மூட்டையில் எடுக்க முடியாது. நகரத்துப் புடவைக்கடைக்காரர் ஒருவர் வெள்ளைத்துணியும் நீலத்துணியும் சுருள் சுருளாகத் தந்துவிட்டார். யார் தைப்பது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் மண்டபத்திலிருந்து திரும்பி, சுவரில் சேற்றுக்கோடு இன்னும் காயாமல் இருந்த ஒரு மத்தியானத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கிண்ணியாவிலிருந்து கங்கைப் பாலமெல்லாம் தாண்டி வந்திருந்தது. முன்னால் தையல் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). பின்னால் அவருடைய மனைவி. அவர் மடியில் சீலையால் சுற்றிய பழைய சிங்கர் கை மெஷின்.

பிள்ளைகளின் வயதும் வகுப்பும் எழுதிய தாள் ஒன்றை நான் ஆயத்தமாக வைத்திருந்தேன். நானா அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பித் தந்தார்.

“இத வச்சித் தைக்க ஏலா மிஸ். புள்ளைகளக் கூப்பிடுங்க. ஆளாளுக்கு அளவெடுக்கணும்.”

பெடியன்களுக்கு அவர் விறாந்தையில். பெண்பிள்ளைகளுக்கு அவருடைய மனைவி உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு சி.ஆர். கொப்பி. ஆளுக்கு ஒரு பக்கம், மேலே பெயர். “நிமிர்ந்து நில்லுங்க வாப்பா, இந்த வயசில கூனப்படாது” என்று சொல்லித் தோளில் நாடாவை வைப்பார். தோள், நெஞ்சு, கை, கழுத்து, இடுப்பு, காற்சட்டை நீளம். நாடாவில் முதல் சில அங்குலங்களின் இலக்கங்கள் தேய்ந்து போயிருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை, விரலால் தடவியே சொன்னார். பென்சில் காதில் இருந்து இறங்கி எழுதும், திரும்பக் காதுக்கு ஏறும்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் கேட்டார். கை இவ்வளவு போதுமா? காற்சட்டை முழங்காலுக்கு மேலேயா, கீழேயா? பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். தங்கள் உடுப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் “பரவாயில்லை” என்று சொல்லும் பெரிய பெடியன் ஒருவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: “பொக்கெற் ரெண்டு பக்கமும் வேணும்.” நானா பென்சிலை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், பின்னால் நின்ற எல்லோருக்கும் இரண்டு பக்கமும் பொக்கெற் வேண்டும்.

இன்னும் பள்ளிக்கூடம் சேராத சின்னவனும் வரிசையில் நின்றான். அவனுக்கு வெள்ளை உடுப்புத் தேவையில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நானா அளவெடுக்கத் தொடங்கிவிட்டார். முடிந்ததும் அவன் சுற்றிப்போய் வரிசையின் கடைசியில் திரும்ப நின்றான். அவன் முறை வந்தபோது நானா முகம் மாறாமல் திரும்பவும் தோளில் இருந்து ஆரம்பித்தார்.

அவருடைய கடைக்குள்ளும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதை அவர் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டே அவருடைய மனைவிதான் சொன்னார். மோட்டர் மெஷின்கள் போய்விட்டன, ஆட்கள் ஓடருக்குக் கொடுத்த துணிகளும் சேறாகிவிட்டன, பரணில் கிடந்த இந்தக் கை மெஷின் மட்டும் தப்பியது. “சும்மா வீட்டில இருந்தா அவருக்கு யோசின மிஸ். கை ஓடினா மனசு நிற்கும்.”

நாள்கணக்கில் விறாந்தையில் அந்த மெஷின் ஓடியது. அசர் தொழுகைக்கு வேப்பமரத்தடியில் பாயை விரிப்பார். எங்கள் மாலை ஜெபத்துக்கு மணி அடித்தால் யாரும் சொல்லாமலே சக்கரத்தில் இருந்து கையை எடுத்துவிடுவார். பாலம் வருவதற்கு முன் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்த காலத்துக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஆதிகாலக் கதை. ஒவ்வொரு கவுணிலும் காற்சட்டையிலும் கீழ்மடிப்புக்குள் மூன்று விரல் துணியை விட்டு மடித்தார். வருகிற வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாமாம். கூலிப் பேச்சை எடுத்தால் பிளேன்ரீ கேட்பார். போகும்போது அவருடைய மனைவி ஒரு பிடி முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டார், அதுதான் கணக்கு. சின்னவனுக்கு மிஞ்சிய நீலத்துணியில் ஒரு காற்சட்டை. பொக்கெற் இரண்டு பக்கமும். படுக்கும்போதும் கழற்ற மாட்டேன் என்கிறான்.

பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் நானா. போடவில்லை. ஆனால் நீங்கள் விட்டுப்போன கொப்பி என்னை என்ன செய்தது என்று சொல்லியாக வேண்டும்.

சின்ன வயதிலேயே ஆலயத்தில் விடப்பட்டு வளர்ந்த சாமுவேலின் வேதாகமக் கதையைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். இரவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிற இடம்தான் எல்லோருக்கும் பிடிக்கும். அதற்குச் சற்று முன்னால், 1 சாமுவேல் 2:19இல், தாய் அன்னாள் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு சீலோவுக்குப் போவாள் என்று ஒரு வசனம் இருக்கிறது. வாசிக்கிறவர்கள் நிற்காமல் கடந்துவிடுகிற வசனம். வருஷத்துக்கு ஒருதரம் மட்டும் பிள்ளையைக் காணும் தாய் எந்த அளவை வைத்துத் தைத்தாள்? அயல் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருப்பாளோ?

எங்கள் பிள்ளைகளில் அநேகருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வளைகுடா போன தாய்மார், பிள்ளையை வைத்துப் பார்க்க வழியில்லாத தகப்பன்மார். அவர்கள் பார்க்க வரும்போது கொண்டுவரும் உடுப்பு அநேகமாக எப்போதும் சின்னது. பிள்ளை கடைசியாகக் கண்ட உயரத்திலேயே அவர்கள் மனதில் நிற்கிறது. பிள்ளைகளும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. மூச்சை அடக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தாய் கேற்றைத் தாண்டும்வரை அப்படியே நிற்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எந்த வெள்ளத்தையும்விடக் கஷ்டம்.

ஆகவே நானா, அந்தக் கொப்பியை நான் மூட மாட்டேன். தவணைக்கு ஒருதரம் ஆளாளுக்கு அளவெடுத்து, பழைய கணக்குக்குக் கீழே புதியதை எழுதுவேன். சிறுவர் இல்லங்களைக் கவனிக்கும் நன்னடத்தைத் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு, பிள்ளையைப் பார்க்க வரும் நாளுக்கு முன்னதாக அந்தந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தாய் தகப்பனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். நாடா ஒன்று வாங்கிவிட்டேன். பெண்பிள்ளைகளில் மூத்தவளுக்கு உங்கள் மனைவி அளவெடுக்கப் பழக்கிவிட்டார். அவள் என்னைவிடச் சரியாகச் செய்கிறாள்.

நத்தாருக்கோ பொங்கலுக்கோ பெருநாளுக்கோ உடுப்புத் தர நினைக்கிறவர்கள் முதலில் எங்களிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன அளவு என்று சொல்கிறேன், என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டுச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெரிய கிடாரம் இரண்டும், நீலமூடி வாளி ஒன்றும், பிடி ஆடுகிற ஓர் அகப்பையும் எங்களிடமே தங்கிவிட்டன. கோயிலுக்குரியதா பள்ளிவாசலுக்குரியதா என்று எங்கள் சமையல் ஐயாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம். நன்றாக மினுக்கி வைத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் பார்த்து வந்தால் சாப்பிட்டுவிட்டே போகலாம், பருப்பும் கத்தரிக்காயும்தான்.

அன்புடன்,
இல்லத்து அன்ரி