போவிஸ் கோட்டையின் சன்னல்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உள்ளூரிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. மூட்டு வலியை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டாய், டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? இங்கே எல்லோரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை.

போன மாதம் வேல்ஸில், வெல்ஷ்பூல் ஊரையொட்டிய போவிஸ் கோட்டைக்குப் போயிருந்தோம். சிவில் படித்த நீயும் கூட இருந்திருந்தால் பொழுது போனதே தெரிந்திருக்காது. வேல்ஸின் பேர்போன கோட்டைகள் பலவும் அந்நாட்டை அடக்க இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் எழுப்பியவை. இது அப்படியல்ல. 13-ஆம் நூற்றாண்டில் போவிஸ் நாட்டு வேல்ஸ் இளவரசர்களே பாறை முகட்டில் கட்டியது. மற்றவை பலவும் கூரை போய் மொட்டைச் சுவராக நிற்க, இதில் ஆள் குடியிருந்துகொண்டே இருந்தார்கள். குடியிருந்தால் சும்மா இருப்பார்களா? இடித்தும் சேர்த்தும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

1587-இல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. கொஞ்ச காலத்திலேயே ஒரு நீண்ட கூடம் அமைத்தார்கள். மேற்கூரை முழுக்கச் சுதை வேலை. தரையில் அகலமான ஓக் பலகைகள், ஒன்றும் மட்டமில்லை, நடக்கும்போது கால் மேலும் கீழும் போகிறது. 1660-களில் ராஜா வந்தால் தங்க ஒரு படுக்கையறை. கட்டிலுக்கு முன்னால் மேடைத் தடுப்பு மாதிரி கைப்பிடிச் சுவர், பார்க்க வருபவர்கள் அதற்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும்! வெளியே பாறையைக் குடைந்து படிப்படியாக இறங்கும் தோட்டம், அது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. 1902-லிருந்து 1904 வரை போட்லி என்ற கட்டடக்கலைஞரை வைத்து அன்றைய பிரபு வீட்டைத் திருத்தினார். இடையில் வந்தவர்கள் தங்கள் காலத்து நாகரிகப்படி, மேலே தூக்கித் திறக்கும் சன்னல்களை வைத்திருந்தார்கள். அவர் அவற்றை எடுத்துவிட்டு, கல் தூண்கள் இடையிட்ட பழைய பாணிச் சன்னல்களைப் பொருத்தினார். சாப்பாட்டு அறையையும் 16-ஆம் நூற்றாண்டு முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சாயலில் செய்தார். ஆக, 'அடடா, என்ன பழமை!' என்று நாம் வியக்கும் பகுதிகள் சில, நம் தாத்தா காலத்து வேலை. இது ஏமாற்று வேலை என்கிறாள் என் மனைவி. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடித்த வீட்டைத்தானே கட்டியிருக்கிறது, இவருக்குப் பிடித்தது பழமை, அவ்வளவுதான் என்கிறேன் நான். காரில் திரும்பும்போதும் இதே வாக்குவாதம்.

அப்புறம், நம்மூர் சங்கதி ஒன்று. 1784-இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், இந்தக் குடும்பத்து ஹென்ரியட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹெர்பர்ட்டுகளிடம் பேரும் கடனும், கிளைவிடம் பணம். 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் இந்த எட்வர்ட்தான். ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது 1799-இல், அப்போது கிடைத்த திப்புவின் பூவேலைத் துணிக் கூடாரம் இப்போது போவிஸ் கோட்டையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டார்களாம். நான் அந்த இடத்தில் ரொம்ப நேரம் நிற்கவில்லை, எரிச்சலாக இருந்தது.

நீண்ட கூடத்தின் மேற்கூரைப் படங்கள் நாலைந்து அனுப்பியிருக்கிறேன். அந்தச் சுதையை அச்சில் வார்த்தார்களா, மேலேயே கையால் இழைத்தார்களா? உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது.

அன்புடன்,
ரவி