அந்த மனைவிக்கு ஒரு பெயர் உண்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜெர்மன் மருத்துவரும் கிருமி ஆராய்ச்சியாளருமான ராபர்ட் கோக் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் பிரித்தேன். வொல்ஸ்டைனில் வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆந்த்ராக்ஸ் கிருமியை ஆராய்ந்தது, 1876இல் பிரெஸ்லாவில் தாவரவியல் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் கோனிடம் அதைக் காட்டியது, 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தது எல்லாம் சரியாகவே இருந்தன. "உதவியாளர் ஒருவரின் மனைவி சமையலறையிலிருந்து தற்செயலாக எடுத்துக் கொடுத்த அகார்" என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன்.

அவர் பெயர் ஃபானி ஹெஸ்ஸே. கணவர் வால்டர் ஹெஸ்ஸே. காற்றிலுள்ள கிருமிகளை வளர்க்க வால்டர் குழாய்களில் ஜெலட்டின் வைப்பார். கோடை வந்தால் அது உருகிவிடும், போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே கரைத்துவிடும். ஃபானி சமையலறையில் செய்த ஜெல்லி மட்டும் எந்த வெயிலிலும் கட்டியாக நின்றது. காரணம் கேட்டபோது, ஜாவாவில் வாழ்ந்து வந்த அண்டை வீட்டாரிடம் இளம் வயதில் கற்ற அகார், கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் என்று சொன்னார். ஆய்வகத்தில் கணவருக்குத் துணையாக வேலை செய்தவர், கட்டுரைகளுக்குப் படம் வரைந்தவர். குழாயில் இருப்பது ஏன் உருகுகிறது என்று அறிந்து சொன்ன பதில் தற்செயல் ஆகுமா, ஐயா? கோக்கும் 1882 கட்டுரையில் அகாரை ஒரு வரியில் சொன்னார். ஹெஸ்ஸே என்ற பெயரைச் சொல்லவில்லை. 140 ஆண்டு கழித்து நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த மீடியாவை, அதாவது கிருமி வளர்க்கும் அகார் கலவையை, உள்ளங்கையில் தாங்கும் சூடு வரும்வரை காத்திருந்து பிளேட்டில் ஊற்றுவேன். சூடாக ஊற்றினால் மூடியில் நீர்த்துளி படியும், தாமதித்தால் குடுவையிலேயே கட்டிவிடும். ஒரு மே மாதம் மாணவர்களுக்குக் காட்ட ஜெலட்டின் குழாய்கள் தயார் செய்தேன். மதியத்துக்குள் எல்லாம் தண்ணீர். அகார் மட்டும் 37 டிகிரி இன்குபேட்டரில் இரவெல்லாம் கல்லுப்போல் நிற்கும். ஃபானி செய்த உதவி என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என் தாய்மாமன் மனைவி மன்னார் வளைகுடாக் கரையில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாறையிலிருந்து கையால் பறிப்பார். விரல் நுனியெல்லாம் கிழிந்திருக்கும். அந்தப் பாசியிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். அத்தைக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பிளேட்டைக் காட்டினேன். "இதுக்குள்ளயா நம்ம பாசி?" என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் மருத்துவமனைக் காசநோய்ப் பிரிவுக்கு ஒரு முறை பாராட்டு விழா நடந்தது. சளி ஸ்லைடு பார்த்தே கண் கெட்டவர்கள் நாங்கள் நான்கு பேர். அழைப்பிதழில் எங்கள் பெயர் இல்லை, மேடையில் சொல்லவும் இல்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்தோம்.

நீங்கள் முன்பு வெளியிட்ட காலரா கட்டுரையிலும் கோக் தனியே கல்கத்தா வந்ததாகவே எழுதியிருந்தீர்கள். அவருடைய குழுவைச் சேர்ந்த காஃப்கியும் ஃபிஷரும் உடன் வந்ததைக் குறித்து அப்போதே கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. ரிச்சர்ட் பெட்ரியும் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்தான். கிருமி வளர்க்கும் தட்டைப் பெட்ரி தட்டு என்றே சொல்வதால் அவர் பெயர் பிழைத்தது. கோக்கின் பெருமையைக் குறைக்க நான் எழுதவில்லை. அவர் படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓய்வு பெறும் நாள்வரை இருந்தது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: அகாரைச் சொன்னவர் ஃபானி ஹெஸ்ஸே, 1850இல் நியூயார்க்கில் பிறந்து 1934இல் டிரெஸ்டனில் இறந்தவர். இடம் இல்லாமல் என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என்னைப் பற்றிய பகுதிகளை எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
ராமநாதபுரம் மாவட்டம்