முறைத் தண்ணி

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 12

அன்புள்ள சேக்காளிக்கு,

உம்ம கடுதாசி நேத்து வந்துச்சு. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கு. பிசானப் பருவ நெல்லுக்கு நாத்துப் பாவியாச்சு, மழையும் ஒழுங்காப் பெய்யுது.

"காலையில இருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கேன், படுக்கும்போது பார்த்தா ஒரு வேலையும் முடியல" என்று எழுதியிருந்தீர். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன் வே. போன வருஷம் நானும் அப்படித்தான் கிடந்தேன். கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போடுற என் வேலை உமக்கே தெரியும், மாசாமாசம் 11-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ம் தேதிக்குள்ள 3பி என்ற வரிக் கணக்கு. பதினஞ்சு கடைக் கணக்கு என் தலையில். ஒரு மாசம் ஒரு கடைக்கு 3பி நாலு நாள் பிந்திப் போச்சு. நாளுக்கு 50 ரூபாய் வீதம் 200 ரூபாயை நானே கட்டினேன். பணம் பெரிசில்லை. அந்தக் கடைக்காரர் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதுதான் மனசில் தைத்தது.

அன்று ராத்திரி காலண்டர்த் தாளைக் கிழித்தவன், அதன் பின்பக்கத்தில் மறுநாள் வேலை மூணை எழுதினேன். இன்னை வரைக்கும் அதை விடவில்லை. மூணுக்கு மேல் எழுதுறதில்லை. 'கணக்கு பார்க்கணும்' என்று எழுதினால் அது வேலையாகாது. 'பாத்திரக்கடை செப்டம்பர் பில் ஏத்தணும்' என்று எழுதணும். தாளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் படுத்தால் தூக்கம் நல்லா வருது. முடிக்காத வேலை மனசை விட்டு இறங்காமல் நிற்கும் என்பதை ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியல் ஆய்வாளர் 1927-லேயே சோதனை செய்து எழுதியிருக்கிறார். எப்போ, எப்படிச் செய்யப்போறோம் என்று திட்டம் போட்டுவிட்டாலே அந்த நச்சரிப்பு குறையும் என்று 2011-ல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் அனுபவமும் அதேதான்.

அடுத்தது நேரம். கன்னடியன் கால்வாயில் தண்ணி தட்டுப்பாடாக இருக்கும்போது நம்ம அப்பாமார் என்ன செய்வார்கள்? வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற முறை ராத்திரி ரெண்டு மணிக்கு என்றால் ரெண்டு மணிக்கு மண்வெட்டியோடு மடையில் நிற்பார்கள். வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சரி, முறையை விட்டால் பயிர் காயும். நானும் காலை ஆறு முதல் ஏழரை வரை எனக்கு முறைத் தண்ணி என்று வைத்துக்கொண்டேன். தாளில் இருக்கிற வேலைகளில் கஷ்டமானது எதுவோ அதற்குத்தான் அந்த நேரம். போன் அடுக்களை அலமாரியில் கிடக்கும்.

தக்காளி முறை பற்றிக் கேட்டிருந்தீர். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ அடுக்களைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. ஆரம்பிக்கவே மலைப்பாக இருக்கிற வேலைக்கு அது ரொம்ப உதவும். ஆனால் பில் ஏத்தும்போது கை ஓட ஆரம்பிப்பதே இருபது நிமிஷம் கழித்துத்தான். அங்கே மணி அடித்தால் எனக்கு ஒத்துவரவில்லை. நீர் எழுத்து வேலைக்காரர், உமக்கு எது சேரும் என்று செய்து பாரும்.

பக்கத்து வீட்டு அக்கா அப்பளம் போடுவதைத் திண்ணையில் இருந்து பார்த்தேன். மாவை முழுக்க இடித்து, நீளமாகத் திரித்து, எல்லாவற்றையும் துண்டு போட்டு எண்ணெய் புரட்டி வைத்த பிறகுதான் குழவியைத் தொடுகிறார். ஒண்ணை வெட்டி ஒண்ணைத் தேய்த்தால் பொழுதுக்கும் நூறு தேறாது என்றார். நான் அன்றிலிருந்து கடைக்காரர்களுக்கான போன் எல்லாவற்றையும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே மூச்சில் பேசி முடிக்கிறேன். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், இப்போ அவர்களே நாலு மணிக்குக் கூப்பிடுகிறார்கள்.

எல்லாத்தையும் ஒரே நாளில் பிடிக்காதிரும் வே. காலண்டர்த் தாளை மட்டும் இந்த வாரம் எடும்.

இன்னும் மூணு வாரத்தில் நாத்துப் பறிப்பு. மதினியையும் கூட்டிக்கொண்டு வாரும். அக்காவிடம் உமக்கு ரெண்டு கட்டு அப்பளம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உம்ம சேக்காளி